லிப்ரெஆபிஸ் நிறுவியாச்சு, திறந்தால் ‘டிஎல்எல் இல்லை’ என்கிறது (விண்டோஸ் 7, 64 பிட்)

மரநிழல்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் மேசைக் கணினியில் லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலகத் தொகுப்பை நிறுவினேன். 6 வரிசைப் பதிப்பு, முன்பே இறக்கி வைத்திருந்த கோப்பு. நிறுவல் கடைசிவரை ஒழுங்காகப் போய் முடிந்தது. ஆனால் அதன் எழுத்துச் செயலியான ரைட்டரைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்-எல்1-1-0.டிஎல்எல்’ என்ற கோப்பு (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பாம்) இந்தக் கணினியில் இல்லையாம், நிரலை மறுபடி நிறுவிப் பார்க்க வேண்டுமாம். விரிதாள் நிரலான கால்க்கைத் திறந்தாலும் அதே பெட்டி.

சொன்னபடி நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன். மாற்றமே இல்லை. அப்பாவின் ஆவணங்கள் எல்லாம் ஓடிடி, ஓடிஎஸ் வடிவில் இருப்பதால் வேறு மென்பொருளுக்குப் போகவும் மனமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

வேகநடை

அந்தக் கோப்பின் பெயரை அப்படியே தேடுபொறியில் போடுங்க சகோ. டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் தளங்கள் நிறைய இருக்கு. இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டால் முடிஞ்சது.

பழையதட்டச்சு

மரநிழல், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வேகநடை நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இந்தக் கோப்பு விஷயத்தில் அது வேலைக்கே ஆகாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், காணாமல் போன கோப்பு லிப்ரெஆபிஸுடையது அல்ல, விண்டோஸுடையது. சி, சி++ மொழிகளில் எழுதிய நிரல்கள் ஓடுவதற்கு ஓர் அடிப்படை நூலகம் வேண்டும். 2015-க்கு முன்பு, மைக்ரோசாஃப்ட்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தனி நூலகம் இருந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2015 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை இரண்டாகப் பிரித்தது. பொதுவான பகுதி ‘யுனிவர்சல் சி ரன்டைம்’ என்ற பெயரில் இயங்குதளத்துக்குள் போனது. கம்பைலரோடு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஒட்டிய பகுதி மட்டும் விசிரன்டைம்140 என்று தனியாக நின்றது. விண்டோஸ் 10-இல் இந்தப் பொதுப் பகுதி கூடவே வருகிறது. விஸ்டா முதல் 8.1 வரை உள்ளவற்றுக்கு அதை ஒரு அப்டேட்டாகத்தான் போட வேண்டும். அதன் எண் கேபி2999226.

இரண்டாவது, உங்கள் பெட்டியில் வரும் அந்த நீளப் பெயர் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரிதான். வேலை செய்யும் ஆள் உள்ளே யுசிஆர்டிபேஸ்.டிஎல்எல் என்ற கோப்பில் இருக்கிறார். அதே வகைப் பலகைகள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன: ஹீப், ஸ்டிடிஐஓ, மேத், ஸ்ட்ரிங், லோக்கேல் என்று போகும். ரன்டைம் கோப்பைக் கொண்டுவந்து போட்டால் அடுத்த பெட்டி ஹீப் இல்லை என்று சொல்லும். அதையும் போட்டால் அடுத்தது. எல்லாவற்றையும் போட்டு முடித்தாலும் யுசிஆர்டிபேஸ் சரியான பதிப்பாக இல்லாவிட்டால் நிரல் எழாது.

மூன்றாவது, டிஎல்எல் என்பது படமோ எழுத்துருவோ அல்ல, ஓடும் நிரல். அதை அழைக்கும் மென்பொருளுக்கு என்ன உரிமை உண்டோ அதே உரிமையோடு அதுவும் ஓடும். யார் ஏற்றினார்கள் என்றே தெரியாத ஒன்றை சிஸ்டம்32-க்குள் போடுவது அப்பாவின் ஆவணங்கள் இருக்கும் கணினியில் எடுக்கவே கூடாத அபாயம்.

நிறுவல் ஏன் தடையில்லாமல் முடிந்தது என்று கேட்பீர்கள். நிறுவியின் வேலை கோப்புகளை இடத்தில் வைத்து ரெஜிஸ்ட்ரியில் பதிவது. இந்த நூலகம் இருக்கிறதா என்று தேடப்படுவது நிரலைத் திறக்கும் நொடியில்தான். மறுபடி மறுபடி நிறுவினாலும் அதே பெட்டி வருவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு விவரம் வேண்டும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி ‘வின்வெர்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரும் பெட்டியில் சர்வீஸ் பேக் 1 (அப்டேட்களின் பெரிய தொகுப்பு) என்று இருக்கிறதா? அப்புறம், கேபி2999226-இன் 64 பிட் கோப்பை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டினால் என்ன சொல்கிறது?

ஈரமண்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கதை. இந்த நூலகங்களைத் தரும் விஷுவல் சி++ தொகுப்பைப் போடப் போனால் 0x80240017 என்று ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறது. விண்டோஸ் 7 தான்.

பழையதட்டச்சு

ஈரமண், அந்த எண்ணுக்கு ‘இந்த அப்டேட் இந்தக் கணினிக்குப் பொருந்தாது’ என்று பொருள். விஷுவல் சி++ 2015-க்குப் பிந்தைய தொகுப்புகள் பழைய விண்டோஸில் நான் மேலே சொன்ன அதே அப்டேட்டைப் போட முயலும். சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் அது ஏறாது, தொகுப்பும் பாதியில் நின்றுவிடும். வின்வெர் பாருங்கள். சர்வீஸ் பேக் இல்லையென்றால் கேபி976932 முதலில், மறுதொடக்கம், பிறகு கேபி2999226, பிறகு தொகுப்பு. இந்த வரிசை முக்கியம்.

விண்டோஸ் 8.1 வைத்திருப்பவர்களுக்கும் இதே போல ஒரு முன்நிபந்தனை உண்டு. 2014 ஏப்ரலில் வந்த கேபி2919355 இருந்தால்தான் மற்றவை ஏறும்.

ஈரமண்

சர்வீஸ் பேக் இல்லைதான். போட்டுவிட்டு வருகிறேன் ஐயா, நன்றி.

தூறல்

எனக்கு வேறு கோப்பு. விசிரன்டைம்140_1.டிஎல்எல் இல்லை என்கிறது. விசிரன்டைம்140 இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஓர் அடிக்கோடும் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது?

கணினிக்கூடம்

தூறல், அது 2019 தொகுப்போடு சேர்ந்த கோப்பு. 64 பிட் நிரல்களில் பிழைகளைக் கையாளும் முறையை அப்போது மாற்றினார்கள், அதற்கான பகுதி இந்தக் கோப்பில் தனியாக வந்தது. உங்களிடம் இருப்பது 2015 அல்லது 2017 தொகுப்பாக இருக்கும். 2015 முதல் 2022 வரைக்கும் இப்போது ஒரே தொகுப்புதான். அதன் புதிய பதிப்பைப் போட்டால் பழையதன் மேலேயே ஏறிவிடும். 64 பிட் கணினி என்றால் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் நிரல் எந்த வகையோ அந்த வகை நூலகத்தைத்தான் தேடும்.

விண்டோஸ் 7-இல் இந்தப் புதிய தொகுப்பு கையொப்பம் செல்லாது என்று மறுத்தால், 2019-இல் வந்த கேபி4490628, கேபி4474419 இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். எஸ்ஹெச்ஏ-2 வகைக் கையொப்பத்தைப் படிக்க அவை வேண்டும்.

தூறல்

ஏறிவிட்டது, திறந்துவிட்டது. மிக்க நன்றி. கூடவே ஒரு கேள்வி: நிரல்கள் பட்டியலில் விஷுவல் சி++ 2008, 2010, 2012, 2013 என்று வரிசையாக நிற்கின்றன. பழையவற்றை நீக்கிவிடலாமா? புதியது இருக்கிறதே.

கணினிக்கூடம்

வேண்டாம். ‘டிஎல்எல் இல்லை’ என்று வரும் பலரும் கொஞ்ச நாள் முன்னால் இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்தவர்கள்தான். 2005, 2008, 2010, 2012, 2013 ஐந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூலகங்கள். 2010-ஐ நம்பி எழுதிய நிரலுக்கு எம்எஸ்விசிஆர்100 வேண்டும், 2013-ஐ நம்பியதற்கு எம்எஸ்விசிஆர்120 வேண்டும். 2022 தொகுப்பு அவற்றில் எதையும் தராது. கோப்புப் பெயரின் கடைசி எண்ணைப் பார்த்தே எந்தத் தொகுப்பு வேண்டும் என்று சொல்லிவிடலாம்: 90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015-இலிருந்து. வட்டில் அவை பிடிக்கும் இடம் மிகக் குறைவு, அப்படியே இருக்கட்டும்.

மரநிழல்

பழையதட்டச்சு ஐயா, நீங்கள் கேட்டவை. சர்வீஸ் பேக் 1 இருக்கிறது. கேபி2999226-ஐ ஓட்டினால் ‘அப்டேட்களைத் தேடுகிறது’ என்று கொஞ்ச நேரம் ஓடிவிட்டு 0x80070422 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. நிர்வாகி கணக்கில்தான் இருக்கிறேன்.

பழையதட்டச்சு

ஆஹா, நல்ல தடயம். அந்த எண்ணுக்குப் பொருள், தேவைப்படும் சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்பது. அப்டேட்டின் எம்எஸ்யு கோப்பை நீங்களே சொடுக்கி ஓட்டினாலும் அதைப் பொருத்தும் வேலையை விண்டோஸ் அப்டேட் சர்வீஸ்தான் செய்கிறது. கணினி மெதுவாக இருக்கிறது என்று யாரோ அதை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் விசை, ஆர். ‘சர்வீசஸ்.எம்எஸ்சி’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பட்டியலின் அடிப்பக்கம் விண்டோஸ் அப்டேட் இருக்கும். இரட்டைச் சொடுக்கு. ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் டிஸேபிள்டு என்றிருந்தால் மேனுவல் என்று மாற்றி அப்ளை கொடுங்கள். அப்ளை கொடுத்த பிறகுதான் ஸ்டார்ட் பொத்தான் உயிர்பெறும், அதையும் அழுத்துங்கள். பிறகு அப்டேட்டை மறுபடி ஓட்டிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கயிற்றுப்பாலம்

நான் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2010 நிறுவுகிறேன். எம்எஸ்எக்ஸ்எம்எல் 6.10.1129.0 இல்லை, அதை நிறுவிவிட்டு வா என்கிறது. எம்எஸ்எக்ஸ்எம்எல்6.டிஎல்எல் சிஸ்டம்32-இல் கண்முன்னே இருக்கிறது! இருப்பதை இல்லை என்று ஏன் சொல்கிறது?

கணினிக்கூடம்

கயிற்றுப்பாலம், கோப்பு வட்டில் இருப்பது வேறு, விண்டோஸின் பதிவேட்டில் பதிந்திருப்பது வேறு. எக்ஸ்எம்எல் நூலகம் காம் முறையில், அதாவது பதிவேட்டில் உள்ள பதிவைப் பார்த்து, அழைக்கப்படுவது, பதிவு அழிந்தால் கோப்பு இருந்தும் பயனில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை ‘நிர்வாகியாக ஓட்டு’ என்று திறந்து, ‘ரெக்எஸ்விஆர்32 எம்எஸ்எக்ஸ்எம்எல்6.டிஎல்எல்’ என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். வெற்றி என்று ஒரு பெட்டி வரும். பிறகு நிறுவலைத் தொடருங்கள். பதிவு செய்ய முடியவில்லை என்று வந்தால் சிஸ்டம் கோப்பே பழுதாகியிருக்கலாம், அப்போது எஸ்எஃப்சி ஓட்ட வேண்டும்.

ஆபிஸ் 2010-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 அக்டோபரோடு நின்றுவிட்டன. மின்னஞ்சலில் வரும் கோப்புகளை அதில் திறக்காமல் இருப்பது நல்லது.

கயிற்றுப்பாலம்

பதிவானது. நிறுவல் நகர்ந்துவிட்டது. எஸ்எஃப்சி என்றால் என்ன என்றும் சொல்லிவிடுங்களேன், பல இடங்களில் பார்க்கிறேன்.

கணினிக்கூடம்

விண்டோஸ் தன் சிஸ்டம் கோப்புகளைத் தானே சரிபார்க்கும் கருவி. நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’. சி-க்கு அடுத்து ஓர் இடைவெளி விட வேண்டும். கெட்டுப்போன கோப்புக்குப் பதில் தன்னிடம் உள்ள நல்ல பிரதியை எடுத்து வைக்கும். அந்தப் பிரதியே கெட்டிருந்தால், விண்டோஸ் 8-உம் அதற்குப் பின்னும் ‘டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்’ என்று முதலில் ஓட்டிவிட்டு எஸ்எஃப்சி-யை ஓட்டலாம். விண்டோஸ் 7-இல் ரீஸ்டோர்ஹெல்த் கிடையாது, அதற்குத் தனியாக கேபி947821 என்ற கருவி. என்ன சரிசெய்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பதெல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளை மட்டுமே எஸ்எஃப்சி பார்க்கும். எம்எஸ்விசிஆர்100 காணவில்லை என்றால் எஸ்எஃப்சி எவ்வளவு ஓடினாலும் ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லும், ஏனென்றால் அந்தக் கோப்பு அதன் கணக்கிலேயே இல்லை.

நெய்தல்

இன்னொன்றையும் சேர்த்துவிடலாம். ஆபிஸ் தொகுப்பை ஜிப் கோப்பாக இறக்கியிருந்தால் முழுவதையும் பிரித்தெடுத்துவிட்டு செட்அப்பை ஓட்டுங்கள். ஜிப்பைத் திறந்து அதற்குள்ளேயே சொடுக்கினால் செட்அப் மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போய் ஓடும், பக்கத்தில் இருக்க வேண்டிய கேப், எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்புகள் கூட வராது. உடனே ‘கோப்பு இல்லை’ என்று வரும்.

மரநிழல்

அப்டேட் ஏறிவிட்டது! நீங்கள் சொன்னது போலவே சர்வீஸ் முடங்கித்தான் கிடந்தது. ரன்டைம் கோப்பு பற்றிய பெட்டி இப்போது வரவில்லை. ஆனால் ரைட்டரைத் திறந்தால் வேறொரு பெட்டி: ‘அப்ளிகேஷனைச் சரியாகத் தொடங்க முடியவில்லை, 0xc000007b’. இதில் கோப்புப் பெயரே இல்லை.

பழையதட்டச்சு

ஒரு படி ஏறியிருக்கிறோம். இந்த எண் பெரும்பாலும் 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் நுழைந்துவிட்டதைக் காட்டும். உங்களுக்கு முன்பே யாராவது இந்தக் கணினியில் தனிக் கோப்புகளைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

சிஸ்டம்32-க்குப் போய்க் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 இரண்டையும் பாருங்கள். பெயரில் குழப்பம் வேண்டாம்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-க்குள் இருப்பவை 32 பிட் கோப்புகள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

எந்தக் கோப்பு எந்த வகை என்று அறியத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. அந்த டிஎல்எல்-ஐ டெஸ்க்டாப்புக்கு ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறங்கள். பொருளில்லாத குறிகளாகக் கொட்டும், பயப்படாதீர்கள். மேலேயே, முதல் சில வரிகளுக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘பிஇ’ என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எழுத்து வரும். அதை அடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘எல்’ என்ற எழுத்து இருந்தால் 32 பிட். சின்ன எழுத்து ‘டி’ இருந்து பக்கத்தில் சிலுவை போல ஒரு குறியும் இருந்தால் 64 பிட். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

மரநிழல்

கண்டுபிடித்துவிட்டேன் ஐயா. எம்எஸ்விசிபி140-இல் ‘டி’. விசிரன்டைம்140-இல் ‘எல்’! அந்தக் கோப்பு வட்டில் வந்த தேதியைப் பார்த்தால், இந்தக் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த சமயம். ஆனால் ஒன்று புரியவில்லை. லிப்ரெஆபிஸ் நிறுவும்போது சரியான கோப்பு அதன்மேல் ஏறியிருக்க வேண்டாமா?

பழையதட்டச்சு

நல்ல கேள்வி. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு கோப்பை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பதிப்பு எண்ணைப் பார்த்து. ஏற்கனவே இருப்பதன் எண் பெரியதாக இருந்தால் அதைத் தொடாது. அது 32 பிட்டா 64 பிட்டா என்று ஒப்பிடாது. கோப்பின் மேல் வலச்சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் பாருங்கள். லிப்ரெஆபிஸ் 6 கொண்டுவரும் கோப்பின் எண்ணைவிட அது பெரியதாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த விசிரன்டைம்140-இன் பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ‘ஓல்டு’ என்று சேர்த்தால் போதும். நீக்க வேண்டாம். பிறகு விஷுவல் சி++ 2015–2022 எக்ஸ்64 தொகுப்பை ஓட்டுங்கள். ஏற்கனவே நிறுவப்பட்டிருந்தால் ரிப்பேர் என்று ஒரு பொத்தான் காட்டும், அதைக் கொடுங்கள். எக்ஸ்86-க்கும் அதே. லிப்ரெஆபிஸின் ப்ரோகிராம் ஃபோல்டருக்குள்ளும் இதே பெயரில் கோப்பு கிடக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நிரல் முதலில் தேடுவது தன் சொந்த ஃபோல்டரில்தான், அங்கே தவறான கோப்பு இருந்தால் சிஸ்டம்32-ஐச் சரிசெய்தும் பயனிருக்காது.

வேகநடை

பழையதட்டச்சு அண்ணா, இதைப் படித்தபின் புரிகிறது. இனி யாருக்கும் தனிக் கோப்பைச் சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம்: நிறுவலே பாதியில் நின்று 1603 என்று வந்தால் எந்தக் கோப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையதட்டச்சு

1603 என்பது ‘ஏதோ பெரிய தவறு’ என்பதற்கு மேல் எதையும் சொல்லாத எண். லாக் (நிறுவலின் படிப்படியான குறிப்பு) எடுத்தால்தான் தெரியும். நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘எம்எஸ்ஐஎக்ஸெக் /ஐ’, பிறகு எம்எஸ்ஐ கோப்பின் பெயர், பிறகு ‘/எல்*வி’, பிறகு லாக் கோப்புக்கு ஒரு பெயர். முடிந்ததும் அந்த லாக்கைத் திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் எந்தப் படியில் விழுந்தது என்று இருக்கும். அந்த வரிகளை இங்கே ஒட்டினால் யாராவது படித்துச் சொல்வார்கள்.

ஈரமண்

சர்வீஸ் பேக், அப்டேட், தொகுப்பு என்று அதே வரிசையில் போட்டேன். எல்லாம் ஏறிவிட்டது.

மரநிழல்

ரைட்டர் திறந்துவிட்டது! கால்க், இம்ப்ரெஸ் எல்லாம் வருகின்றன. அப்பாவின் ஓடிடி கோப்பைத் திறந்து அச்சும் எடுத்துவிட்டோம். ப்ரோகிராம் ஃபோல்டரில் வேறு கோப்பு எதுவும் கிடக்கவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னும் இரண்டு கேள்வி. பெயர் மாற்றிய பழைய கோப்பை என்ன செய்வது? லிப்ரெஆபிஸின் புதிய பதிப்புக்கு இந்தக் கணினியில் போகலாமா?

நெய்தல்

என்னைக் கேட்டால் கணினிக்கு லினக்ஸ் போட்டுவிடுங்கள். லிப்ரெஆபிஸ் அங்கே பெரும்பாலும் கூடவே வரும்.

பழையதட்டச்சு

நெய்தல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது, இணையத்தில் அதை வைத்துக்கொண்டு உலவுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அப்பாவுக்குப் பழகிய திரை அது. அவரிடம் கேட்டுவிட்டு, ஆவணங்களை வேறு வட்டில் நகல் எடுத்த பிறகு அதை முடிவு செய்யுங்கள்.

அதுவரை இதே விண்டோஸில் லிப்ரெஆபிஸின் 25.2 வரிசை வரை போகலாம். 25.2-இல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்குமான ஆதரவை விலக்கப்போவதாக அறிவித்தார்கள், 25.8-இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். பழைய பதிப்புகள் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் களஞ்சியத்திலேயே கிடைக்கும், வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள்.

பெயர் மாற்றிய கோப்பை, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து அப்பா பயன்படுத்தும் மற்ற நிரல்களும் திறக்கின்றனவா என்று பார்த்தபின் நீக்கிவிடுங்கள். சிஸ்வாவ்64-இல் இருக்கும் விசிரன்டைம்140-ஐத் தொடாதீர்கள், அது அங்கே இருக்க வேண்டியதுதான். விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கட்டும்.